கிளி கொத்திய பழம்

பல்செட்டுக்காரருக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா, தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறாளா என்பது கேட்பவர்களுக்குப் பிடிபடாது. இருபத்தெட்டு வருஷமாக ஊரார் வாயில்தான் அவருக்குப் பிழைப்பு. உடைந்த செட்டு, தளர்ந்துபோன செட்டு, முந்தாநாள் தின்றது இன்னும் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற செட்டு என்று எது வந்தாலும் வெறும் கையால் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு கொய்யாத் தோட்டத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார் என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

அவர் அங்கே போனது பழம் தின்ன அல்ல. ஒரே மகள், படிப்பை முடித்துவிட்டு அந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கவனிக்கிற வேலை. தோட்டத்து ஜாம் விற்பனையும் அவள் பொறுப்பு. போன இடத்தில் முதலாளியின் மகனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. போனில் முகம் பார்த்துப் பேசியாயிற்று. பையன் "மாமா, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். எல்லாம் சரி, ஆனால் போனில் யார்தான் கெட்டவராகத் தெரிகிறார்?

"நேர்ல ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் மனைவி. "சொல்லாமப் போங்க. சொல்லிட்டுப் போனா எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கி வெச்சுத்தான் காட்டுவாங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு வார்த்தை வந்தாகணும். சரின்னா சரி, இல்லைன்னா இல்லை. அதுக்கப்புறம்தான் நான் எங்க அண்ணன்கிட்ட வாயைத் திறப்பேன்."

நல்ல வேளையாக, கல்யாணத் துணி பார்த்து வைக்கத் தானும் பையனும் டவுனுக்குப் போகப் போவதாக மகளே முதல் நாள் போனில் சொல்லியிருந்தாள். செட்டுக்காரர் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, சுற்றுலாப் பஸ்ஸில் ஒரு டிக்கெட் வாங்கி, கடைசி சீட்டுக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். துப்பறிகிறவர் என்று நினைப்பு.

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். தொழில் புத்தி. பக்கத்துச் சீட்டில் வந்து சாய்ந்த ஆசாமி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்ததால் அந்த வாயை ஆற அமரப் பார்க்க முடிந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, சுண்டுவிரல் போய்வரலாம். இடது கோரைப்பல் அடுத்த பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. செட்டுக்காரர் மனசுக்குள் அவருக்குச் சந்துப்பல்லர் என்று பெயர் வைத்தார். "கட்டின காசுக்குத் தின்னுடணும் சார். காலையில இருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம வந்திருக்கேன்," என்றார் சந்துப்பல்லர், வயிற்றைத் தட்டிக் காட்டி.

தோட்டத்து வாசலில் மைக்கோடு ஒருவர் நின்றார். கையெட்டுகிற தூரத்தில் ஆள் நிற்கும்போதும் மைக்கில்தான் பேசினார். "உள்ள எவ்வளவு வேணா சாப்பிடலாம். வயிறு தாங்குற வரைக்கும் சாப்பிடுங்க. ஒரே கண்டிஷன், ஒரு பழம்கூட வெளிய போகக் கூடாது. பையில போடக் கூடாது, மடியில கட்டக் கூடாது. வாய் வழியா மட்டும்தான் வெளிய போகணும்." தானே சொல்லித் தானே சிரித்தார். பிறகு எல்லோர் கையிலும் ஒரு ரொட்டித் துண்டு, அதன்மேல் தோட்டத்து ஜாம். செட்டுக்காரர் விரலைக்கூட நக்கினார். மகள் மாசா மாசம் வீட்டுக்கு அனுப்புகிற அதே ஜாம்! இது என் பெண் விற்கிற சரக்கு என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார்.

தோட்டத்தைக் குறை சொல்லக் கூடாது. மரங்கள் எல்லாம் ஆள் உயரத்துக்குக் கவாத்து செய்யப்பட்டிருந்தன. கிளைகளைக் கயிறு போட்டு இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டியிருந்தார்கள். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு, வரிசைக்கு வரிசை சொட்டுநீர்க் குழாய். உழைக்கிற கை இருக்கிற இடம் என்று தெரிந்தது. பரவாயில்லையே, பையன் வீடு சோம்பேறி வீடு இல்லை என்று மனசுக்குள் ஒரு மார்க் போட்டார். அந்த மார்க் அரை மணி நேரம் தாங்கியது.

ஐயோ, அந்த ஜனங்கள் தின்ற அழகைச் சொல்லவேண்டுமே! மனுஷர் தின்பது மாதிரியா தின்றார்கள்? ஒரு கடி கடிப்பது, உள்ளே சிவப்பா வெள்ளையா என்று பார்ப்பது, வெள்ளை என்றால் வீசுவது. சிவப்பு என்றால் இன்னொரு கடி கடித்துவிட்டு, அதைவிடப் பெரிசாக ஒன்று கண்ணில் பட்டதும் கையில் இருப்பதை வீசுவது. விதையைத் துப்பினார்கள். சளியோடு சேர்த்துத் துப்பினார்கள். ஒரு அம்மாள் குழந்தை கடித்ததைத் தான் ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, கணவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு கடி கடித்து மரத்தடியில் போட்டார். சந்துப்பல்லர் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, கடைவாயில் ஒன்று. நடுவில் ஒரு தடவை வாயைக் கொப்பளித்து வேரிலேயே துப்பிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். மோவாய் வழியாகச் சாறும் எச்சிலும் வடிந்து சட்டைப் பொத்தான் வரைக்கும் போனது. "காசு வசூல் சார்," என்று கண்ணடித்தார். சீ!

மரத்தடி எல்லாம் கடித்த பழம். கால் வைத்தால் கொழகொழவென்று வழுக்கியது. ஈ மொய்த்தது, குளவி சுற்றியது, புளித்த வாடை மூக்கில் ஏறியது. செட்டுக்காரர் ஒரு பழத்தைப் பறித்து, கைக்குட்டையில் துடைத்து, பாதி தின்றார். மீதி இறங்கவில்லை. சும்மா நிற்கப் பிடிக்காமல் தரையில் கிடந்தவற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கொய்யாவில் பல் நன்றாக அச்சு விழும், மெழுகில் விழுகிற மாதிரி. இது மேல் செட்டு கட்டியவர். இந்த ஆளுக்குக் கீழ்க் கடைவாயில் பல்லே இல்லை. இது ஏழு வயசு, முன்பல் இப்போதுதான் பாதி முளைத்திருக்கிறது. இதோ சந்துப்பல்லர், நடுவில் வரப்பு மாதிரி தோல் நிற்கிறது, இடதுபக்கம் கோரைப்பல் குத்திய குழி. பத்தடிக்கு ஒரு சந்துப்பல்லர் கிடந்தார்.

பின்னாலேயே ஒரு ஆள் பச்சை வாளியோடு வந்து அத்தனையையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தான். மண்ணில் கிடந்ததைக் காலால் புரட்டி, கூழாகிப் போனதை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தான்.

"இதெல்லாம் எங்கப்பா போகுது?"

"பன்னிக்கு சார்," என்றான் அவன், நிமிராமல்.

பன்றிக்கு என்றால் நியாயம்தான். செட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, பிசுபிசுத்த கையைக் கழுவத் தண்ணீர் தேடிப் போனார். பார்வையாளர் குழாயடியில் கூட்டம். அதனால் வேலியோரமாக நடந்து, தகரம் போட்ட ஒரு கொட்டகைக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தார். அங்கே ஒரு குழாய் இருந்தது. கையைக் கழுவிவிட்டு உதறும்போதுதான் பார்த்தார். கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பச்சை வாளி.

உள்ளே நீள மேஜை. அதன் முன்னால் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மாள், கையில் சின்னக் கத்தி. வாளியில் இருந்து ஒரு பழத்தை எடுப்பாள், கடித்த இடத்தைச் சரக்கென்று சீவித் தள்ளுவாள், மீதியைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவாள். அந்தத் தண்ணீர் காலையில் ஊற்றியதாக இருக்கவேண்டும். மேலே விதையும் நுரையும் ஒரு குளவியும் மிதந்தன. தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் பாட்டில், மூடி, லேபிள். எந்த லேபிள்? மாசா மாசம் அவர் வீட்டுக்கு வருகிற அதே லேபிள்.

செட்டுக்காரர் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"என்னம்மா இது? கடிச்ச பழமா?"

ஜாம்காரம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆனாலும் பதில் தயாராக இருந்தது. "கடிச்சதில்லைங்க, கொத்துனது. கிளி கொத்துன பழம். கிளி கொத்துனதுதானே இனிப்பா இருக்கும்."

யாரிடம் வந்து யார் சொல்கிற கதை! உலகத்தில் வேறு எவனிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பான். செட்டுக்காரர் வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். நடுவில் வரப்பு, இடதுபக்கம் குழி.

"இந்தக் கிளி என்னோட பஸ்ஸில வந்த கிளிம்மா. முன்பல்லுக்கு நடுவுல சந்து, கோரைப்பல் ஏறியிருக்கும். நீலச் சட்டை போட்டிருக்கு." இன்னொன்றை எடுத்தார். "இந்தக் கிளி மேல்செட்டு கட்டியிருக்கு. செட்டு லூசு, ரெண்டு தடவை கடிச்சிருக்கு பாரு. இருபத்தெட்டு வருஷமா பல்லுக்கு அச்சு எடுக்கிறவன்கிட்டயா காதில பூ சுத்தறே?"

அம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. அழுகிற மாதிரிதான் ஆகிவிட்டாள். "கேட்டா கிளின்னு சொல்லச் சொல்லியிருக்காங்க சார். நான் என்ன பண்ணட்டும்? என் வயித்துப் பாடு. சத்தியமா சொல்றேன், என் புள்ளைங்க நாக்குல இதுல ஒரு சொட்டு வெச்சதில்ல. வீட்டுக்குப் போய் மூணு தடவை கை கழுவினாலும் சாப்பாட்டுல கை வைக்க முடியல."

அப்போதுதான் அவருக்கு அந்த ரொட்டித் துண்டு ஞாபகம் வந்தது. விரலை நக்கியது ஞாபகம் வந்தது. எட்டு மாசமாகக் காலையில் தான் இரண்டு ஸ்பூன், மனைவி இரண்டு ஸ்பூன், பாட்டில் காலியானதும் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்தது ஞாபகம் வந்தது. வெளியே ஓடினார். குழாயடியில் குனிந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலியில் இருந்த காக்கை பறந்தது. காலையில் தின்றது, வழியில் தின்றது, ரொட்டி, ஜாம் எல்லாம் வந்து, கடைசியில் வெறும் பித்தம் வந்தது. ஜாம்காரம்மா முதுகைத் தடவிவிட வந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் இன்னொரு தடவை வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. போனை எடுத்தார். ஒரே வார்த்தை போதும், இல்லை. இந்த எச்சில் பிழைப்புப் பிழைக்கிற வீட்டில் என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன். பாவம், அவள் முன்பக்கம் பாட்டிலை அடுக்கி விற்கிறாள், பின்பக்கம் நடக்கிறது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? இந்தப் பயல் "மாமா, மாமா" என்று தேனாக ஒழுகியதே ஊர் எச்சிலை விற்கிற வாயால்தானா?

போனில் எண்ணைத் தட்டுவதற்கு முன்னால், ஆத்திரம் தாங்காமல் ஒரு கேள்வி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"யாரும்மா இந்த யோசனையைக் குடுத்த புண்ணியவான்? பெரிய முதலாளியா, அவர் பையனா?"

"ஐயோ, அவங்க இல்ல சார். முந்தி இதெல்லாம் பன்னிக்குத்தான் போய்ட்டிருந்துச்சு. வாளி தூக்குறவன் இன்னமும் அப்படியேதான் சொல்லிட்டிருக்கான். பெரியவர் இந்தப் பக்கமே வர்றதில்ல. சின்னவரு வேணவே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ரெண்டு நாள் சரியா சாப்பிடக்கூட இல்ல. இது அந்தப் பொண்ணு சார். சின்னவரைக் கட்டிக்கப் போகுதே, அது. 'கழுவி, சீவி, கொதிக்க வெச்சா என்ன தெரியப் போகுது'ன்னு அதுதான் ஆரம்பிச்சு வெச்சுது. கிளின்னு சொல்லச் சொன்னதும் அதுதான்."

செட்டுக்காரர் போனைப் பையில் போட்டார். உட்கார இடம் தேடி, கொட்டகைக்குள் கிடந்த ஒரு சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்தார். வேறு யாரையோ சொல்கிறாள் என்று கொஞ்ச நேரம் மனசைத் தேற்றிப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் சின்னவரைக் கட்டிக்கப் போகிற பெண் எத்தனை பேர் இருக்க முடியும்?

வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. துணிக்கடையில் கூட்டம் என்று பாதியில் திரும்பிவிட்டார்களாம். மகள்தான் முதலில் உள்ளே வந்தாள். "அந்த லேபிள் கட்டு வந்துச்சா?" என்று அதிகாரமாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், மூட்டைமேல் அப்பாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அப்பா! எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல?"

"சொல்லியிருந்தா வாளியை ஒளிச்சு வெச்சிருப்பியா?"

அவள் வாளியைப் பார்த்தாள், ஜாம்காரம்மாவைப் பார்த்தாள். ஜாம்காரம்மா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டாள். மகள் மழுப்பவில்லை. அதைச் சொல்லவேண்டும். நேராக அவர் எதிரில் வந்து நின்றாள்.

"இவ்வளவு பழம் வீணாப் போகுதேப்பா. பாக்க மனசு கேக்கல. சீவிடறோம், கழுவறோம், ஒரு மணி நேரம் கொதிக்குது. எந்தக் கிருமி உயிரோட இருக்கும்?"

"எச்சில்ம்மா."

"நீங்களா எச்சில்னு சொல்றது?" அவளுக்கும் குரல் உயர்ந்தது. "எட்டு வயசுல என்னைக் குழாயடியில உக்கார வெச்சு அடுத்தவங்க செட்டெல்லாம் தேய்க்கச் சொன்னது யாரு? எனக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதேன். 'எச்சில்ங்கறது கழுவுற வரைக்கும்தான்டி, கழுவினா வெறும் சாமான்'னு சொன்னீங்களா இல்லையா?"

சொன்னார்தான். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அழுகிற பெண்ணைச் சமாளிக்க வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார், அவள் மறக்கவில்லை.

"நான் எந்த வாயில இருந்து எடுத்தேனோ அந்த வாயிலயேதான் திருப்பி வெச்சேன்," என்றார் மெதுவாக. "ஒருத்தர் செட்டை இன்னொருத்தருக்கு மாட்டினதில்ல. அவங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ணினதில்ல. நீ ஊர் வாயை எல்லாம் ஒண்ணா அண்டாவுல போட்டுக் கிண்டி, கிளின்னு சொல்லி விக்கிறே."

"தெரியாத வரைக்கும் யாருக்கு என்னப்பா நஷ்டம்? எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே வாங்கறாங்க? நீங்களே பாட்டிலை வழிச்சுத் தின்னதா அம்மா சொன்னாங்க."

அந்த வார்த்தைதான் அவரை மூட்டையில் இருந்து எழுப்பியது. "அப்ப எங்களுக்கு அனுப்பினதும் இதுதானா? உங்க அம்மா வாயில இதையா ஊட்டினே?"

"சீ! என்னப்பா பேசறீங்க?" அவள் முகத்தில் நிஜமாகவே அடிபட்ட மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குப் போய் அதை அனுப்புவேனா? உங்களுக்கு நானே மரத்துல நல்ல பழமாப் பாத்துப் பறிச்சு, தனிச் சட்டியில போட்டு, என் கையால கிண்டி அனுப்பறேன். அந்தப் பாட்டில்ல கை வைக்கக் கூடாதுன்னு அடியில புள்ளி வெச்சிருப்பேன்."

செட்டுக்காரருக்கு வயிறு சட்டென்று அமைதியானது. எட்டு மாசமாகத் தின்றது சுத்தமான ஜாம். ஆனால் அதைவிட மோசமான ஒன்று நெஞ்சில் வந்து அடைத்துக்கொண்டது. தெரியாமல் செய்கிறாள் என்றில்லை, அருவருப்பு மரத்துப்போய்ச் செய்கிறாள் என்றும் இல்லை. எல்லாம் தெரிகிறது அவளுக்கு. நல்ல பழம் எது, எச்சில் எது, யார் வாயில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, அத்தனையும் தெரிந்துதான் சட்டியைப் பிரித்து வைத்திருக்கிறாள். தான் பெற்று, தூக்கி வளர்த்த பெண்ணைப் பார்த்து ஒரு மனுஷருக்குக் குமட்டலாமா? அவருக்குக் குமட்டியது. அதற்கு எந்தக் குழாயடியில் போய்க் குனிவது?

"மாமா!" என்று கூவிக்கொண்டு பையன் ஓடிவந்தான். ஒரு கையில் நாற்காலி, ஒரு கையில் தண்ணீர். போனில் பார்த்ததைவிட ஒல்லி. சிரித்தபோது தெரிந்த பல் வரிசை நல்ல வரிசை. "வாங்க மாமா, இங்க உக்காருங்க. ஏன் இந்தக் கொட்டகைக்கு வந்தீங்க? முகமெல்லாம் வேர்த்திருக்கே!" தம்ளரை நீட்டியவன் கண் வாளிகளின் மேல் போனது. சிரிப்பு அணைந்துவிட்டது. குனிந்துகொண்டே சொன்னான். "பாத்துட்டீங்களா மாமா. எனக்கும் இது பிடிக்கல. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். எங்க வீட்டு மேல தப்பா நினைச்சுடாதீங்க."

பையில் போன் அடித்தது. மனைவிதான். சாயங்காலம் வரைக்கும் அவளுக்குப் பொறுமை இருந்ததாக என்றைக்குமே சரித்திரம் இல்லை. செட்டுக்காரர் எடுக்கவில்லை. தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி," என்றார்.

மகள் மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார் செட்டுக்காரர். "நீங்க இன்னொரு தடவை நல்லா யோசிச்சுக்குங்க."

மாமனார் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பையன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிடித்த கையை அவர் விடவில்லை. அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.